கீழ்நோக்கிக் கூட்டல்

வகை நுண்கணிதப் பரீட்சையில், மேலே போவதை எல்லாம் கீழே வருகிறது என்றும், கீழே வருவதை எல்லாம் மேலே போகிறது என்றும், மலையைப் பள்ளம் என்றும், பள்ளத்தை மலை என்றும் ஒன்பது பக்கம் எழுதி, அந்த ஒன்பது பக்கத்துக்கும் மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள் கன்னியாகுமரி முதல் ராமேஸ்வரம் வரை நான்தான். காப்பி அடிக்கவில்லை. யார் காலிலும் விழவில்லை. விடைத்தாளைத் திருத்தியவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவரும் இல்லை.

நம்பமாட்டீர்கள். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரும் நம்பவில்லை. சொன்னவுடன் நம்பிய ஒரே உயிர் எங்கள் வீட்டுப் பூனைதான். அதுவும் என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்த நேரம் என்பதால், அது யாரைப் பார்த்துத் தலையாட்டியது என்பதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

என் பெயர் பேச்சிமுத்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டினேன். என் கேபின் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மேகம் எனக்குக் கீழே போகும். வானம் தெளிந்திருந்த ஒரு நாள், இலங்கையில் ஒரு அம்மாள் மாடியில் மிளகாய் காயப்போடுவதைப் பார்த்தேன். லிங்கராஜைக் கேட்டால் கேபின் இருபத்திரண்டு மீட்டர் என்பான். மேகம் இல்லை, நிலக்கரித் தூசி என்பான். மிளகாயைப் பற்றிப் பேசவே மாட்டான்.

லிங்கராஜ் என் சிக்னல்காரன். கேபினில் இருப்பவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரன் கை காட்டவேண்டும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஹபீஸ், தூக்கு. உள்ளங்கையைக் கீழே காட்டி அமுக்கினால் ஆரியா, இறக்கு. இந்த இரண்டு வார்த்தையும் எந்த நாட்டுக் கப்பலில் வந்து இறங்கினவோ, திரும்பிப் போகவே இல்லை. புது ஆள் சிக்னலுக்கு வந்தால் முதல் தூக்குக்கு முன்னால் சைகை பேசி வைப்போம். ஒருத்தன் ஊரில் மேலே என்பது இன்னொருத்தன் ஊரில் கீழே என்று இருக்கும். எதுவாக இருந்தாலும் குற்றம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடவேண்டும், சொன்னதை ஷிஃப்ட் முடிகிற வரை மாற்றக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

முப்பத்தொரு வருடம் லிங்கராஜின் கையைப் பார்த்தே நான் சுமை இறக்கினேன். ஒரு தடவைகூட அவன் தப்பாகக் காட்டியதில்லை. ஆற்றங்கரை நெல்வயல் குடும்பத்துக்காரன். கண்ணால் பார்த்ததை மட்டும் பேசுவான், அதையும் இரண்டு தடவை பார்த்திருந்தால்தான். நான் என்ன சொன்னாலும் பக்கத்தில் நின்று, "சும்மா சொல்லுதான்" என்று ஒரு முத்திரை குத்துவான். ஒருமுறை என் கொக்கியில் ஒட்டிக்கொண்டு ஒரு சிப்பி மேலே வந்தது. உள்ளே நெல்லிக்காய் அளவு முத்து. ஷிஃப்ட் முடிகிற மணி அடித்துவிட்டதால் மறுபடி கடலிலேயே விட்டுவிட்டேன். இப்படி ஒரு நேர்மையான சம்பவத்துக்கும் அதே முத்திரைதான்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலையில் கூடுவோம். மருத்துவ அட்டை, பஞ்சப்படி என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் டீ, பருப்பு வடை. அப்புறம் மைக் என் கைக்கு வரும். கால் மணி நேரம் நான் கதை சொல்வேன். இதற்காகவே மனைவியோடு வருகிற ஆட்கள் உண்டு. எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் மாதம். மீதி இருபத்தொன்பது நாளும் அதற்குத் தயாரிப்பு.

அப்படி ஒரு சனிக்கிழமை, நான் ஊஞ்சல் பிடித்த கதையைச் சொன்னேன். கிரேனில் தொங்கும் சுமை ஆடும். ஆடுகிற சுமையை லாரியில் இறக்க முடியாது. அது ஒரு பக்கம் ஓடி, கடைசி நுனியில் கண் இமைக்கும் நேரம் நின்று, அப்புறம்தான் திரும்பும். அந்த இமைப்பில் கிரேனின் கையை அதற்கு நேர் மேலே கொண்டுபோய்விட்டால் ஆட்டம் செத்துவிடும். ஒருநாள் பயிற்சிக்கு வந்த ஒரு இன்ஜினியர் பையன் கேபினில் என் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வகை நுண்கணிதம். காலேஜில நாங்க பேப்பர்ல போடுறத நீங்க கையால போடுறீங்க" என்றான். இது நடந்தது. மைக்கில் நான் சேர்த்தது, அவன் என் கையில் முத்தமிட்டான் என்பது மட்டும்தான்.

"ஆகவே," என்று மைக்கில் முடித்தேன், "முப்பத்தாறு வருசமா நான் கால்குலஸ் போட்டுக்கிட்டிருக்கேன். காலேஜில போய் உக்காந்தா, வாத்தியாருக்கு நான் சம்பளம் போட வேண்டியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். லிங்கராஜ் மட்டும் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏலே பேச்சி, போய் உக்காரேன்."

"எங்கன?"

"காலேஜிலதான். நீ பிளஸ் டூ பாஸு. அதுல கணக்கு எடுத்தவன். தொலைதூரக் கல்வியில வயசு கேக்க மாட்டாவ. அந்தக் கால்குலஸ் பேப்பர எழுதி பாஸ் பண்ணு. நான் இதே மைக்கில வந்து, பேச்சிமுத்து சொன்னது நெசம்னு சொல்லுதேன்."

முப்பத்தொரு வருடத்தில் அவன் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. என் காது குளிர்ந்துவிட்டது.

"ஃபெயில் ஆனா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் வேல்ராஜ் அண்ணாச்சி. வம்பு என்றால் அவருக்கு வடையைவிடப் பிடிக்கும்.

"ஃபெயில் ஆனா," என்றான் லிங்கராஜ், "இதுவரைக்கும் சொன்ன அம்புட்டும் பொய்னு அவன் இதே மைக்கில சொல்லணும். இலங்கை மொளகா, சிப்பி, எல்லாம். அன்னையிலேருந்து இங்கன கத கிடையாது. பேசணும்னா தேதி, கிழம, மழ பெஞ்சுதா பெய்யலியா, அது மட்டும் சொல்லிட்டு உக்காரணும்."

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். தேதி, கிழமை, மழை. மரண தண்டனையில்கூட கடைசி ஆசை கேட்பார்கள்.

"சரி" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் பிளஸ் டூ கணக்கில் நான் இருநூறுக்கு எழுபத்திரண்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. எழுபதுதான் பாஸ்.

பி.எஸ்ஸி. கணிதம், முதல் பருவம், முதல் தாள் வகை நுண்கணிதம். ஊருக்குள் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் முத்தையாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கியதும் ஊரே திரண்டு நின்றது என்று சொல்ல ஆசைதான். ஒரு வாட்ச்மேன் நின்றார். "பேரனுக்கு அட்மிஷனா?" என்று கேட்டார்.

பாடம் எடுத்தவர் ஐஸ்வர்யா மேடம். விளாத்திகுளத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி வருவார். என் பக்கத்து இருக்கையில் பிலோமி, ஐஸ் பிளான்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர், பிரமோஷனுக்காகப் படிக்கிறவர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது, நான்தான் வாத்தியார் என்று நினைத்து. உட்காரச் சொன்னேன். அந்த மரியாதையைக் கெடுத்திருக்க வேண்டாம்.

முதலில் 'எல்லை' என்று ஒரு பாடம். ஒரு எண்ணை நெருங்கிக்கொண்டே போகவேண்டும், தொடவேண்டிய அவசியம் இல்லை, எதை நெருங்குகிறோம் என்று தெரிந்தால் போதும். வகுப்பே முழித்தது. எனக்கு லிங்கராஜின் கை கண் முன்னால் வந்தது. சுமை லாரித் தட்டுக்கு ஒரு முழம் மேலே வந்ததும் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி காட்டுவான். சுமை இறங்க இறங்க அந்த இடைவெளி சுருங்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சத்தில் பாதி, அதிலும் பாதி. விரல்கள் ஒட்டவே ஒட்டாது. ஆனால் சுமை எங்கே போய் உட்காரப்போகிறது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இதை நான் எழுந்து சொன்னேன். மேடம் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இத நான் அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிக்கலாமா?" என்று கேட்டார்.

அடுத்தது 'வகைக்கெழு'. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. வளைவின் உச்சியில் அது பூச்சியம். ஊஞ்சலின் நுனியில் சுமை கண் இமைக்கும் நேரம் நிற்கிறதே, அதேதான். அந்த இன்ஜினியர் பையன் பொய் சொல்லவில்லை. நாலு வாரத்தில் நான் வகுப்பின் ராஜா. பிலோமிக்குச் சந்தேகம் வந்தால் மேடத்திடம் போகமாட்டார், என் நோட்டைத்தான் இழுப்பார். சங்கத்தில் லிங்கராஜைப் பார்க்கும்போதெல்லாம், "மைக்கில பேச நீ இப்பமே பழகிக்கோ" என்றேன்.

அப்புறம் மாதிரித் தேர்வு வந்தது. எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் பாஸ். நான் எடுத்தது பதிமூன்று.

ஐஸ்வர்யா மேடம் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், புதுத் துணியில் கறை எங்கே என்று தேடுகிறவர் மாதிரி.

"அண்ணாச்சி, கூட்டல் கழித்தல் எல்லாம் சுத்தமா இருக்கு. வழிமுறை சுத்தமா இருக்கு. ஒரு தகரத்த வெட்டிப் பெட்டி செய்யணும், அதுல அதிகமாப் பிடிக்கணும்னு கேட்டிருந்தேன். எப்படி வெட்டணும்னு சரியாக் கண்டுபிடிச்சிட்டீங்க. கண்டுபிடிச்சிட்டு, கீழ, 'ஆகவே இதுவே மிகச் சிறிய பெட்டி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். வளைவு அங்கனதான கிட்ட வருது."

"எதுக்குக் கிட்ட?"

"எனக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பந்த மேல எறியுற கணக்கு. பந்து உச்சியில இருக்கும்போது உயரம் சிறுமம், அதாவது ஆகக் குறைச்சல்னு போட்டிருக்கீங்க. கீழ வரும்போது வேகத்துக்குக் கூட்டல் குறி. வரிசையா எல்லாத்துலயும் இதேதான். இந்தப் படத்த எல்லாம் நீங்க எங்க உக்காந்து பாக்குறீங்க?"

"கேபின்லதான் மேடம். வேற எங்க உக்கார?"

பிலோமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மேடம். சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் உருண்டு வராண்டா வரைக்கும் போனது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. முப்பத்தாறு வருடம் நான் உலகத்தை மேலேயிருந்து பார்த்தவன். எனக்கு ஒரு பொருளின் உயரம் என்றால், என் காலுக்குக் கீழே எத்தனை மீட்டரில் அது இருக்கிறது என்பதுதான். இறங்கினால் கூடும், ஏறினால் குறையும். மலை உச்சி எனக்குப் பக்கம், ஆகவே சின்னது.

வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி இன்பமணி ஆச்சரியப்படவே இல்லை.

"இது இன்னைக்கா தெரிஞ்சுது? மாடித் தொட்டியில தண்ணி எவ்வளவு கெடக்குன்னு கேட்டா, மூணடி கெடக்குன்னு சொல்லுவிய. நம்பித் தலையில சோப்பு போட்டா அர வாளியில நின்னுபோவும். கேட்டா, மூடியிலேருந்து மூணடிம்பிய. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தலைகீழாத்தான் கணக்கு வச்சிருக்கேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா, தொட்டியில சுறா கெடந்துதுன்னு ஆரம்பிப்பிய."

அடுத்த ஞாயிறு ஐஸ்வர்யா மேடம் தெளிவாகச் சொன்னார். "கீழ இறங்கி வாங்க அண்ணாச்சி. பரீட்சை தரையில நடக்கு. இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு."

இறங்குவது எப்படி? கண்ணை மூடினால் கேபின். கண்ணைத் திறந்தாலும் கேபின். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தரையில் நின்று மேலே பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். வரைபடத்தில் இரண்டு கோடும் சந்திக்கிற ஆதிப்புள்ளியில் லிங்கராஜை நிறுத்தினேன். நிஜமாகவே ஒரு சின்ன மனிதனை வரைந்தேன், தலையில் துண்டு, ஒரு கை மேலே. வளைவு ஏறினால் அவன் ஹபீஸ் காட்டுவான், கூட்டல். இறங்கினால் ஆரியா, கழித்தல். உச்சி அவனுக்கு எட்டாத தூரம், ஆகவே பெருமம், ஆகப் பெரியது. ஒரு வாரத்தில் குறிகள் எல்லாம் சரியாக வந்தன. என் நோட்டில் நானூறு லிங்கராஜ் நின்றான். எண்ணிப் பார்த்தால் அறுபது இருக்கும், ஆனால் நின்ற நிலை நானூறு பேருக்குச் சமம்.

இதை அவனிடம் சொல்லவில்லை. என்னைத் தோற்கடிக்க நினைக்கிறவனே எனக்குச் சிக்னல் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால், மனசாட்சிக்காரன், பந்தயத்தை ரத்து செய்துவிடுவான்.

பரீட்சை நாள். ஹாலில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி, அது போட்ட காற்றில் விடைத்தாள் மதுரை வரைக்கும் பறந்திருக்கும், நான் முழங்கையை வைத்து அமுக்கினேன். முதல் எட்டுப் பக்கம் வெறும் வகைக்கெழு காண்பது. அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. அதற்கு இருபது மதிப்பெண் நிச்சயம். பாஸாக இன்னும் பத்து வேண்டும்.

ஒன்பதாம் பக்கத்தில் பெரிய கணக்குகள். முதல் கேள்வியைப் படித்தேன். 'ஒரு பாரந்தூக்கியின் கொக்கியிலிருந்து...'

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத இந்தத் தாள் போதாது. எத்தனை லட்சம் பேர் எழுதுகிற பரீட்சையில் எனக்காகவே ஒரு கேள்வி. கையைத் தேய்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். எழுதினேன், எழுதினேன், அப்படி எழுதினேன். பாரந்தூக்கிக் கணக்கு முடிந்து பந்துக் கணக்கு. பந்தின் உயரம் இருபது t கழித்தல் ஐந்து t வர்க்கம். வகைக்கெழு எடுத்துப் பூச்சியத்துக்குச் சமன் செய்தால் இரண்டாம் வினாடி. 'இரண்டாம் வினாடியில் சிறுமம். மூன்றாம் வினாடியில் வேகம் கூட்டல் பத்து.' அது முடிந்து பெட்டி, பெட்டி முடிந்து வேலி. பதினேழாம் பக்கம் வந்தது. கடைசியாக ஒரு வளைவை வரைந்து, ஆதிப்புள்ளியில் சின்ன மனிதனை வரையப் பென்சிலை வைத்தேன்.

வைத்த பென்சில் அப்படியே நின்றது. பதினாறாம் பக்கத்தைப் புரட்டினேன். சின்ன மனிதன் இல்லை. பதினைந்து, பதினான்கு, ஒன்பது வரைக்கும் எங்கேயும் இல்லை. பாரந்தூக்கி என்ற ஒரு வார்த்தை என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி கேபினில் உட்கார வைத்திருந்தது. ஒன்பது பக்கமும் மேலேயிருந்து எழுதியது.

மணியைப் பார்த்தேன். எட்டு நிமிடம். ஒன்பது பக்கத்தில் குறிகளை அடித்து மாற்றினால், எது மாற்றியது எது மாற்றாதது என்று எனக்கே தெரியாமல் போகும். பேசாமல் விட்டால் இருபது. இருபது என்றால் தேதி, கிழமை, மழை. வேல்ராஜ் அண்ணாச்சி மைக்கை என்னிடம் நீட்டுவதும், நான் "இன்னைக்கு மழை இல்லை" என்று சொல்லிவிட்டு உட்காருவதும் கண் முன்னால் ஓடியது. முன் வரிசையில் இன்பமணி வேறு.

அப்போதுதான் சைகை பேசி வைப்பது ஞாபகம் வந்தது. ஒருத்தன் ஊரில் மேலே என்பது இன்னொருத்தன் ஊரில் கீழே. குற்றம் இல்லை. சொல்லிவிடவேண்டும், மாற்றக்கூடாது. நான் மாற்றியிருக்கிறேனா? ஒன்பது பக்கத்தையும் வேகமாகப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட மாறவில்லை. எல்லாக் குறியும் ஒழுங்காகத் தலைகீழ். சொல்லாமல் விட்டதுதான் பாக்கி.

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நாலு விரல் இடம் விட்டு எழுதுவது என் வழக்கம். ஒன்பதாம் பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு கிரேன் வரைந்தேன். மேலே கேபின், அதில் நான். கேபினிலிருந்து கீழ்நோக்கி ஒரு அம்பு, அம்பின் நுனியில் ஒரு கூட்டல் குறி. தரையில் துண்டு கட்டிய ஒரு மனிதன், ஒரு கை மேலே. பக்கத்தில் எழுதினேன்:

'திருத்துபவருக்கு. இந்தப் பக்கம் முதல் பதினேழாம் பக்கம் வரை எல்லா உயரமும், வளைவுகளின் உயரமும் சேர்த்து, மேலிருந்து கீழே அளக்கப்பட்டது. கீழ்நோக்கிக் கூட்டல். மேல்நோக்கிக் கழித்தல். ஆகவே தரையில் நிற்பவரின் பெருமம் இங்கே சிறுமம். கடைசி வரை இது மாறாது.'

மணி அடித்தது. தாளை வாங்கிய மேற்பார்வையாளர் அந்தப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அடுக்கில் வைத்தார்.

ஐஸ்வர்யா மேடத்திடம் போனில் சொன்னேன். குறிப்பை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

"கணக்குப்படி தப்பில்ல அண்ணாச்சி," என்றார் கடைசியில். "எந்தப் பக்கம் கூட்டல்னு முடிவு பண்றது நம்ம இஷ்டம்தான். சொல்லிட்டுச் செஞ்சா சரி. ஆனா திருத்துறவங்க அந்தக் குறிப்ப நின்னு படிக்கணும். விடைய மட்டும் பாத்துட்டுப் போனா ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

லிங்கராஜிடமும் சொன்னேன். என்னால் எதையும் மறைக்க முடியாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"ஒம்பது பக்கமும் தலைகீழா?"

"ஒம்பதும்."

"தலைகீழா எழுதிட்டு, தலைகீழாத்தான் எழுதியிருக்கேன்னு சீட்டு எழுதி வச்ச?"

"படமும் போட்டேன்."

"சும்மா சொல்லுத. நீ எழுதத் தெரியாம முழிச்சுட்டு வந்திருக்க. ஃபெயிலாவும்போது சொல்லுததுக்கு இப்பமே ஒரு கத கட்டுத." டீயைக் குடித்து முடித்தான். "மழ பெய்யுதான்னு தினமும் குறிச்சு வையி. தேவப்படும்."

இரண்டு மாதம் குறித்து வைத்தேன். அவ்வளவு பயம் எனக்கு. நாலே நாள்தான் பெய்திருந்தது, அதில் ஒன்று தூறல். இதை வைத்து ஒரு மனிதன் என்ன பேசுவது?

ஒரு புதன்கிழமை காலை பிலோமிதான் போன் செய்தார், ரிசல்ட் வந்துவிட்டது என்று. இன்பமணி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். அவசரத்தில் தட்டியதில் மூன்று முறை வேறு யாருடைய மதிப்பெண்ணோ வந்தது. நான்காம் முறை என் பெயர். வகை நுண்கணிதம், ஐம்பத்து மூன்று, தேர்ச்சி.

இருபதிலிருந்து ஐம்பத்து மூன்று. தலைகீழாக எழுதிய பக்கங்களுக்கு மட்டும் முப்பத்து மூன்று. இன்பமணி என்னிடமிருந்து போனை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்து, அப்புறம் போனையே தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாள். ஐம்பத்து மூன்றுதான்.

லிங்கராஜ் பேச்சு மாறுகிறவன் இல்லை. "பாஸ் ஆயிட்ட. மைக்கில சொல்லிருதேன்" என்றான்.

"என்ன சொல்லுவ?"

"பேச்சிமுத்து பாஸ் ஆனது நெசம்னு."

"எப்படி பாஸ் ஆனேன்னு?"

"ஒழுங்கா எழுதி பாஸ் ஆயிருக்க. அதுக்குப் போயி, தலைகீழா எழுதுனேன், சீட்டு வச்சேன்னு சோடிக்க. பாஸானது நெசம். மத்தது கத."

பாருங்கள், எவ்வளவு பெரிய அநியாயம். பாஸானதை அரசாங்கக் கம்ப்யூட்டரே சொல்கிறது, அதை இவன் மைக்கில் சொல்லி எனக்கு என்ன? அவன் வாய்விட்டு நிஜம் என்று சொல்லவேண்டியது, முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதிலேயே நம்ப முடியாத விஷயத்தை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்ன கதையை அவன் கதை என்கிறான்.

விண்ணப்பம் கொடுத்தால் விடைத்தாளின் நகல் அனுப்புவார்கள் என்று மேடம் சொன்னார். கொடுத்தேன். தபால்காரரை நான் எதிர்பார்த்து நின்ற இருபது நாளில் அவருக்கு என்மேல் ஒரு பயமே வந்துவிட்டது. உறை வந்தது, சரியாக இரண்டாம் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். நான் பிரிக்கவில்லை. பிரித்தால், நீயே வரைந்து சொருகிவிட்டாய் என்பான் லிங்கராஜ்.

சங்கத்தில் நாற்பது பேர், அன்று அறுபதாக இருந்தார்கள். நூறு என்று எழுதலாம், வேண்டாம். பிலோமியும் மேடமும்கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒட்டிய உறையை லிங்கராஜ் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பி, முத்திரையைத் தடவிப் பார்த்து, கிழித்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். எட்டாம் பக்கம் வரைக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றான்.

கிரேன், அம்பு, கூட்டல் குறி. என் குறிப்பின் கீழே திருத்தியவர் கோடு போட்டு, சிவப்பு மையில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தார்: 'ஏற்கப்பட்டது. தொடர்க.' அதன்பின் பக்கத்துக்குப் பக்கம் சரி குறி. லிங்கராஜ் பதினேழு வரைக்கும் போய்விட்டு மறுபடி ஒன்பதுக்கே வந்தான். இரண்டு தடவை பார்த்தால்தான் அவனுக்குப் பார்த்த மாதிரி. பிறகு படத்தில் தரையில் நிற்கிற சின்ன மனிதன் மேல் விரலை வைத்தான்.

"இது யாரு?" என்று மெதுவாக என்னிடம் கேட்டான்.

"வேற யாரு. நீ காட்டாம நான் என்னைக்குச் சுமை எறக்கிருக்கேன்?"

லிங்கராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்தான், மூக்கைத் துடைத்தான், வேல்ராஜ் அண்ணாச்சி கையிலிருந்த மைக்கை வாங்கினான். மைக் பிடித்துப் பழகாதவன், வாயோடு ஒட்டவைத்துப் பேசினான். 

"இலங்கை மொளகா பொய். சிப்பி பொய். கேபின் இருவத்தி ரெண்டு மீட்டர்தான்." ஒரு நிமிடம் தாளைப் பார்த்தான். "படத்துல கீழ நிக்கது நானு. நான் அவ்வளவு குட்ட இல்ல. மத்தபடி இவன் ஒம்பது பக்கமும் தலைகீழாத்தான் எழுதியிருக்கான், அதுக்கு மார்க்கும் போட்டிருக்காவ. ரெண்டு தடவ பாத்துட்டேன். பேச்சிமுத்து சொன்னது நெசம்."